லட்சியம், இலக்கு, குறிக்கோள்

மாங்காய்ப் பருவத்தில் காவேரிப்பட்டணத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகள் பள்ளிக்கூடத்துக்குக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தாள். தலைப்பு 'என் லட்சியம்'. "மாமா, லட்சியத்துக்கு நல்ல தமிழ் என்ன?" என்றாள். குறிக்கோள் என்றேன். நோட்டில் 'குறிக்கோல்' என்று எழுதி, பக்கத்தில் 'கலெக்டர் ஆவது' என்று சேர்த்தாள். அந்த ஒரு எழுத்தைத் திருத்தப்போய் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

லட்சியம் வடசொல். 'லக்ஷ்' என்ற வேருக்குக் கவனித்துப் பார்த்தல், குறித்தல் என்று பொருள். குறிவைத்துப் பார்க்க வேண்டியது எதுவோ அது லக்ஷ்யம். அம்பு போய்த் தைக்க வேண்டிய இடம். லகரம் தமிழில் சொல்லுக்கு முதலில் வராது என்பதால் இலட்சியம் என்றும் எழுதுவார்கள். லட்சணம், அலட்சியம் எல்லாம் ஒரே குடும்பம். "அவன் பேச்சை நான் லட்சியமே பண்ணல" என்று ஊரில் சொல்கிறோமே, அதில் இருப்பது 'பொருட்படுத்துதல்' என்ற பொருள். வாழ்க்கையில் எட்ட வேண்டிய உயரம் என்பது அதே சொல்லின் இன்னொரு கிளை.

சரி, குறிக்கோள். குறி என்பது அடையாளம். கோள் என்பது 'கொள்' என்ற வினையின் முதலெழுத்து நீண்டு பிறந்த பெயர். கெடு கேடு ஆனது போல, பெறு பேறு ஆனது போல, கொள் கோள் ஆனது. இலக்கணத்தில் இதை முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்பார்கள். ஆகவே இதில் கோலுக்கு, அதாவது குச்சிக்கு, வேலையே இல்லை. பேனர்களில்கூட 'குறிக்கோல்' என்று பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் மனசு வலிக்கிறது. ஏனென்றால் சொல்லின் உயிரே அந்த ளகரத்தில்தான் இருக்கிறது. லட்சியம் எதிரே இருக்கும் பொருளைச் சொல்கிறது. குறிக்கோள், அந்தக் குறியை ஒருவர் தன் மனதில் வாங்கிக்கொண்டதையும் சேர்த்துச் சொல்கிறது.

தோப்பில் அன்று காலையில்தான் பார்த்தேன். ஒரு பையன் பெங்களூரா மாமரத்தில் கொத்துக் கொத்தாகத் தொங்கிய காய்களைப் பார்த்துக் கல்லெறிந்தான். ஐந்தாறு கல் போயும் ஒன்றும் விழவில்லை. தோப்புக்காரப் பெரியவர் திட்டுவார் என்று நினைத்தேன். "கொத்தைப் பார்க்காதே தம்பி, ஒரே காயைப் பாரு" என்றார். அடுத்த கல்லில் காம்போடு விழுந்தது.

குறி என்பது வினையாக வந்தால் 'கருது' என்றும் பொருள் தரும். இதற்குச் சான்று தேடி தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர்கள் தூரம் போக வேண்டாம். அதியமான் ஆண்ட தகடூர்தான் இன்றைய தருமபுரி. அதியமான்கோட்டை சேலம் சாலையில் பக்கத்திலேயே இருக்கிறது. அதியமான் நெல்லிக்கனி கொடுத்ததை ஔவையார் பாடிய புறநானூறு 91ஆம் பாட்டில் 'குறியாது' என்று ஒரு சொல் வருகிறது. மலைப்பிளவில், ஏறிப் பறிக்க முடியாத உயரத்தில் கிடைத்த கனி; அதன் அருமையைக் கருதாமல், பயனையும் மனதுக்குள் மறைத்துக்கொண்டு, 'சாதல் நீங்க' எனக்குக் கொடுத்தாயே என்கிறார். இன்றைய பேச்சில் சொன்னால், அந்தக் கனியை அவன் 'லட்சியம் பண்ணவில்லை'. ஏழு பேரை எதிர்த்து வென்ற அரசன், தன் ஆயுளைவிட ஒரு புலவரின் ஆயுளைப் பெரிதாக நினைத்திருக்கிறான். எத்தனை முறை படித்தாலும் அந்தக் 'குறியாது' என்ற இடத்தில் நின்றுவிடுகிறேன்.

குறிக்கோள் என்ற முழுச் சொல்லும் புதிதாகச் செய்ததில்லை. 7ஆம் நூற்றாண்டிலேயே அப்பர், இளமையும் முதுமையும் வீணாய்க் கழிந்ததை எண்ணி, 'குறிக்கோள் இலாது கெட்டேன்' என்று தேவாரத்தில் பாடிவிட்டார்.

இலக்கு என்ற சொல்லையும் இதே இடத்தில் போடுகிறார்கள். அது வடமொழி வழி வந்தது என்று ஒரு சாரார், தமிழ் வேர்தான் என்று சொல்லாராய்ச்சி அறிஞர் தேவநேயப் பாவாணர் வழியினர். எதுவானாலும் புழக்கத்தில் இலக்கு என்பது அளந்து சொல்லக்கூடியது: இந்த மாதம் இத்தனை டன் மாங்கூழ், இந்தத் தேர்வில் இத்தனை மதிப்பெண். பதவியின் மேல் மட்டும் கண் வைப்பதற்கு வேட்கை, அவா என்று தனிச் சொற்கள் இருக்கின்றன. அதைக் குறிக்கோள் என்று எழுதுவது எனக்கு ஒப்பவில்லை.

"அப்போ கலெக்டர் ஆவது எதுல வரும் மாமா?" என்றாள். "இலக்குன்னு போடு" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். கோலை அடித்துக் கோள் என்று திருத்தினாள். அதற்கு எதிரே இரண்டு வரி காலியாக விட்டுவிட்டு, பேனாவை மூடி வைத்தாள்.