பனிக்கடல் சேற்றில் பாசி மட்கும் விதம்

குளிர் இருந்தால் எதுவும் அழுகாது என்று எளிதில் நம்பிவிடுகிறோம். ஆர்க்டிக் பகுதியில், நார்வேக்குச் சொந்தமான ஸ்வால்பார்டு தீவுகளின் கடலடிச் சேறு அதை மறுக்கிறது. பனியாறுகள் குடைந்த ஒடுங்கிய கடற்கழிகளுக்கு ஃபியோர்டு என்று பெயர். அங்குள்ள பல ஃபியோர்டுகளின் அடித்தட்டில் வெப்பநிலை 0 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். ஆனாலும் புதிய உணவு வந்துசேரும் இடங்களில், மிதவெப்பக் கடற்கரைகளுக்கு ஈடான வேகத்தில் கரிமப் பொருள் சிதைகிறது.

அந்த உணவு வசந்தத்தில் வருகிறது. நீண்ட துருவ இருள் விலகியதும் டயட்டம் போன்ற நுண்பாசிகள் பெருகி, மடிந்து, அடியில் படிகின்றன. அவற்றின் புரதங்களும் கூட்டுச் சர்க்கரைகளும் மிகப் பெரிய மூலக்கூறுகள். பெரும்பாலான பாக்டீரியாக்களின் புறச்சவ்வுத் துளைகளில் மூன்று நான்கு சர்க்கரைகள் கோத்த அளவுக்கு மேல் நுழையாது. ஆகவே அவை நொதிகளைச் சுரந்து, இரையை உடலுக்கு வெளியிலேயே வெட்டுகின்றன. எனக்கு மிகவும் வியப்பூட்டும் கட்டம் இதுதான். இந்த முதல் வெட்டு விழாவிட்டால், பின்னால் காத்திருக்கும் அத்தனை நுண்ணுயிர்களும் பட்டினி கிடக்க வேண்டியதுதான். வெட்டுப்பட்ட துண்டுகளை நொதிக்கவைக்கும் பாக்டீரியாக்கள் அசிட்டேட் போன்ற சிறு அமிலங்களாகவும் ஹைட்ரஜனாகவும் மாற்றுகின்றன.

இவற்றை எரிக்க ஆக்சிஜன் போதாது. குளிர்ந்த கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம்தான் கரைந்திருக்கும். சேற்றில் பெரும்பாலும் ஓரிரு சென்டிமீட்டருக்குள் தீர்ந்துவிடும். அதன்பின் ஆக்சிஜனுக்குப் பதிலாக நைட்ரேட், மாங்கனீசு, இரும்பு ஆகியவற்றைக் கொண்டு நுண்ணுயிர்கள் சுவாசிக்கின்றன. பனியாறுகள் அரைத்துக் கொண்டுவரும் பாறைத்தூளில் இரும்பு மிகுதி என்பதால், சில ஃபியோர்டுகளில் இரும்புச் சுவாசத்தின் பங்கு பெரிது. அதற்கும் கீழே, கந்தகமும் ஆக்சிஜனும் சேர்ந்த சல்பேட்டின் ஆட்சி. லிட்டர் கடல்நீரில் அது ஏறத்தாழ 2.7 கிராம் இருக்கிறது. சல்பேட் சுவாசத்தில் பிறக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு இரும்புடன் கூடிச் சேற்றைக் கறுப்பாக்குகிறது; நாளடைவில் பைரைட் கனிமமாகிறது.

குளிர் இவர்களை எப்படி விட்டுவைத்தது? ஸ்வால்பார்டு சேற்றிலிருந்து பிரித்தெடுத்த டீசல்ஃபோட்டாலியா சைக்ரோஃபிலா என்ற பாக்டீரியா, 10 டிகிரியில் செழித்து வளர்கிறது. கடல்நீர் உறையத் தொடங்கும் மைனஸ் 1.8 டிகிரியிலும் வளர்ச்சியை நிறுத்துவதில்லை. இங்கே இருப்பவை வெப்பக்கடலிலிருந்து தப்பிவந்து நடுங்கும் உயிர்கள் அல்ல. குளிருக்கென்றே அமைந்த நொதிகள் கொண்டவை.

சேற்றை ஆய்வகத்தில் சற்றுச் சூடாக்கினால் சிதைவு இன்னும் விரைகிறது. எனவே குளிரால் தடையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் எளிதில் செரிக்கும் பாசி தீர்ந்து, பழைய கரிமப் பொருள் மட்டும் எஞ்சிய ஆழத்தில், அதே வெப்பநிலையிலும் சிதைவு பன்மடங்கு மெதுவாகிவிடுகிறது.