புது விளக்கு, பழைய வயர்: மலை ஜீப்பில் மின்சாரம் எங்கே தொலைகிறது?

கூடலூர், கோத்தகிரி, குன்னூர் பக்கத்து எஸ்டேட் ஜீப்புகளில் ஹெட்லைட் மங்கினால் முதலில் மாறுவது பல்புதான். 60/55 வாட் ஹாலஜனைக் கழற்றிவிட்டு 100/90 வாட் போடுவார்கள். சில நாள் வெளிச்சம் கூடின மாதிரி இருக்கும். பிறகு டேஷ்போர்டு சுவிட்ச் உருகி நாற்றம் வரும். குறை பல்பில் இல்லை. இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.5 வோல்ட் இருக்க, பல்பின் முனைக்கு வந்து சேருவது 11.5 வோல்ட் என்றால் நடுவில் 2 வோல்ட் எங்கேயோ போகிறது. ஹாலஜனின் வெளிச்சம் வோல்டேஜோடு நேர்விகிதத்தில் குறைவதில்லை, ஏறத்தாழ 3.4 அடுக்கில் குறைகிறது. வோல்டேஜ் 15 சதவீதம் இறங்கினால் வெளிச்சத்தில் 40 சதவீதம் காலி. ஊட்டியிலிருந்து மசினகுடி போகும் கல்லட்டி இறக்கத்தில் 36 கொண்டை ஊசி வளைவையும் மூடுபனியில் இறங்குகிறவருக்கு இந்தக் கணக்கு முக்கியம்.

1 சதுர மி.மீ. செம்பு வயருக்கு மீட்டருக்கு 0.017 ஓம் தடை உண்டு. பழைய ஜீப்பில் ஹெட்லைட் மின்சாரம் முழுவதும் பேட்டரியிலிருந்து ஆம்மீட்டர், சுவிட்ச், டிம்-பிரைட் மாற்றக் காலால் மிதிக்கும் டிப்பர் என்று சுற்றிக்கொண்டுதான் பல்புக்கு வரும். 5 மீட்டர் வழி, 10 ஆம்பியர் ஓட்டம்: வயரில் மட்டும் 0.85 வோல்ட் போய்விடும். மீதி இழப்பு இணைப்புகளிலும், மின்சாரம் வண்டியின் இரும்பு வழியாகப் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் பாதையான எர்த்திலும். இதே வயரில் ஃபாக் லைட், ஸ்டீரியோ, போன் சார்ஜர் என்று ஒவ்வொன்றாக ஒட்டுப்போட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மலையில் வயரிங் சீக்கிரம் கெடுவதற்கு மழை மட்டும் காரணமல்ல. ஏற்றத்தில் இன்ஜின் சூடாகும்போது இணைப்புகளுக்குள் இருக்கும் காற்று விரிந்து வெளியேறுகிறது. வண்டி நின்று குளிரும்போது உள்ளே காற்று சுருங்கி, வெளியிலிருக்கும் பனி ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. உள்ளே போன ஈரம் மெல்லிய இழைகளுக்கு நடுவே தந்துகிக் கவர்ச்சியால் ஊர்ந்து, ரப்பர் உறைக்குள் அரை அடி வரைகூடப் போகும். வயரைச் சீவிப் பார்த்தால் செம்பு கறுத்திருப்பது இதனால்தான். தேயிலைத் தோட்ட ஜீப்பென்றால் இன்னொரு எதிரியும் உண்டு: பொட்டாஷ் உர மூட்டை. சிந்திய பொட்டாசியம் குளோரைடு தூள் ஈரத்தில் கரைந்தால் உப்புத் தண்ணீர்தான். பின்பக்க எர்த் போல்ட்டை அது பச்சைப் பாசி பிடித்தது போல அரித்துவிடும்.

எர்த்தை யாரும் சரியாகப் பார்ப்பதில்லை. பாதி சர்க்யூட் அதுதான். ஒரு நல்ல அடையாளம் சொல்லலாம். பிரேக்கை மிதித்தால் முன்பக்க பார்க் லைட்டும் மங்கலாக மின்னுகிறதா? பின் விளக்கின் எர்த் விட்டுப்போயிருக்கிறது. 21 வாட் பிரேக் இழை வழியாக வந்த மின்சாரத்துக்குத் திரும்ப வழியில்லாமல், பக்கத்து 5 வாட் இழையில் பின்னோக்கி நுழைந்து, பார்க் லைட் வயரைப் பிடித்து முன்னால் போய் அங்கே எர்த் தேடுகிறது. இதற்கு பல்போ, இண்டிகேட்டரை மின்னவைக்கும் பிளாஷரோ மாற்றுவது வீண் செலவு.

ஆகவே எதையும் பிடுங்கும் முன் மல்டிமீட்டரை எடுக்க வேண்டும். விளக்கை எரியவிட்டு, பேட்டரி மைனஸுக்கும் விளக்கின் எர்த் முனைக்கும் நடுவே அளந்தால் 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். பேட்டரி பிளஸுக்கும் பல்பின் பிளஸ் முனைக்கும் நடுவே 0.5-க்குள். தாண்டினால் ஒவ்வொரு இணைப்பாக முன்னேறி, எங்கே எண் குதிக்கிறதோ அங்கே பிடிக்கலாம். ஓம் அளவில் வைத்துப் பார்ப்பது ஏமாற்றும்: முப்பது இழையில் ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தாலும் மீட்டர் சைபர்தான் காட்டும், 10 ஆம்பியர் ஓடினால்தான் வேஷம் கலையும்.

அடுத்து, இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரின் கணக்கு. சிறிய விமானங்களில் புதுக் கருவி சேர்க்கும்போது, தொடர்ந்து ஓடும் சுமை ஆல்டர்னேட்டர் திறனில் 80 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று ஒரு வரம்பு வைப்பார்கள். ஜீப்புக்கும் அது பொருந்தும். லேபிளில் 35 ஆம்பியர் என்றிருந்தால் நம் வரவு 28. ஹெட்லைட் 10, ஹாலஜன் ஃபாக் லைட் இரண்டும் 9, வைப்பர் 4, பார்க் லைட்டும் மீட்டர் விளக்கும் 3, ஸ்டீரியோவும் சார்ஜரும் 5: மொத்தம் 31. ஃபாக் லைட்டை தலா 20 வாட் எல்.இ.டி. ஜோடியாக மாற்றினால் 9 ஆம்பியர் மூன்றரைக்கு இறங்கி, கணக்கு 25.5-ல் நிற்கும். ஐடிலில் ஆல்டர்னேட்டர் லேபிள் அளவு தராது என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். பர்லியாறு பக்கம் சீசன் நெரிசலில் விளக்கெல்லாம் போட்டு நிற்கும்போது பேட்டரிதான் கரைகிறது.

வயரிங்கையே புதிதாகப் போடுவதென்றால், வயர் வாங்கும்போது கடையில் 14/36, 23/36, 40/36 என்பார்கள். முதல் எண் இழைகளின் எண்ணிக்கை, இரண்டாவது இழையின் கேஜ், அதாவது தடிமன் எண். 40/36 ஏறத்தாழ 1.2 சதுர மி.மீ.; ஹெட்லைட்டுக்குப் போதாது. குட்டை ஜீப்புக்கு 1 சதுர மி.மீ. வயர் பல நிறங்களில் 40 மீட்டர், 2.5-ல் 15 மீட்டர், 4-ல் 5 மீட்டர் வாங்கினால் சரியாக வரும். அத்துடன் பத்து பியூஸ் பாக்ஸ் ஒன்று, 40 ஆம்பியர் ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் சுவிட்ச்) நான்கு, உள்ளே பசையுள்ள, சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், தகட்டுத் துளையில் மாட்டும் ரப்பர் வளையமான குரோமெட். விலை குறைந்த சுருளில் செம்பு முலாம் பூசிய அலுமினியம் கலந்து வருகிறது. இழையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். கடத்தும் திறன் குறைவு, ஈரத்தில் அரிப்பும் அதிகம், மலைக்கு ஆகவே ஆகாது.

வேலையை ஆரம்பிக்கும்போது மைனஸ் முனையை முதலில் கழற்ற வேண்டும். பிளஸை முதலில் கழற்றினால், ஸ்பானர் பாடியில் பட்ட நொடியில் ஷார்ட். பழைய வயரிங் கிட்டை வெட்டாமல் முழுசாக உருவி, பலகையில் ஆணியடித்து விரித்தால் புதியதற்கு அதுவே அச்சு.

ஹெட்லைட்டுக்கு ரிலே வைப்பதுதான் இந்த வேலையில் அதிகப் பலன் தருவது. பேட்டரி பிளஸிலிருந்து 4 சதுர மி.மீ. வயர், ஒரு சாண் தூரத்துக்குள் 30 ஆம்பியர் பியூஸ், அங்கிருந்து ரிலேயில் 30 என்று எண் போட்ட கால். 87-லிருந்து விளக்குக்கு 2.5 சதுர மி.மீ. பழைய சுவிட்ச் வயர் 86-க்கு, 85 எர்த்துக்கு. சுவிட்ச் வழியே இனி 0.2 ஆம்பியருக்குள்தான் ஓடும். பழைய சுவிட்சே பல வருஷம் வரும். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு ரிலே. இடது விளக்குக்கும் வலது விளக்குக்கும் தனித்தனி 10 ஆம்பியர் பியூஸ் போடுவது நல்லது. வளைவில் ஒன்று போனாலும் மற்றது எரியும். பியூஸ் இருப்பது கருவியைக் காப்பதற்கு என்று பலரும் நினைக்கிறார்கள். அது காப்பது வயரை. 1 சதுர மி.மீ.க்கு 10, 1.5-க்கு 15, 2.5-க்கு 20 ஆம்பியருக்கு மேல் போடக்கூடாது. பியூஸ் அடிக்கடி போகிறதென்று பெரிய பியூஸ் போட்டால் உருகுவது வயர்.

இணைப்புகளுக்கு சால்டரிங் வேண்டாம். ஈயம் இழைகளுக்குள் ஏறி வயரை விறைக்கவைக்கும். விறைப்பு முடிகிற இடத்தில் அதிர்வால் ஒடியும். ராட்செட் கிரிம்பிங் டூலால் வயர் முனையில் லக் என்ற உலோக முனையை அழுத்தி, கையால் பலமாக இழுத்துப் பார்த்து, மேலே ஸ்லீவ் போட்டுச் சூடுகாட்ட வேண்டும். கறுப்பு டேப் இன்ஜின் சூட்டில் பசை இளகி, ஈரத்தில் உரிந்து வந்துவிடும். தகட்டைத் துளைக்கும் இடத்தில் குரோமெட் கட்டாயம். ஒவ்வொரு கனெக்டருக்கு முன்னும் வயர் கொஞ்சம் கீழே தொங்கி மேலேறட்டும். தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். டீசல் பைப்போடும் பிரேக் பைப்போடும் சேர்த்துக் கட்டக்கூடாது.

எர்த்துக்கு பெயின்ட்டைச் சுரண்டி, பளபளக்கும் இரும்பில் லக்கை முறுக்கி, மேலே கிரீஸ் பூச வேண்டும். பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவே ரப்பர் இருப்பதால் தனி எர்த் பட்டை வேண்டும். இன்ஜினுக்கும் இன்னொன்று.

எல்லாம் முடிந்ததும் மெயின் பியூஸ் இருக்கும் இடத்தில் முதலில் 21 வாட் பிரேக் பல்பைத் தொடராக இணைத்து, எல்லா சுவிட்சையும் அணைத்துப் பேட்டரியைக் கொடுக்க வேண்டும். பல்பு பிரகாசமாக எரிந்தால் எங்கோ ஷார்ட்; ஆனாலும் ஓட்டம் 2 ஆம்பியரைத் தாண்டாது, வயர் பிழைக்கும். எரியாவிட்டால் பியூஸைப் போட்டு, மீட்டரை ஆம்பியரில் வைத்துக் கசிவைப் பார்க்கலாம். ஜி.பி.எஸ்., ஸ்டீரியோ நினைவகம் எல்லாம் சேர்ந்து 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். 200 காட்டினால் நாளைக்கு கிட்டத்தட்ட 5 ஆம்பியர்-மணி போகிறது. ஜனவரி உறைபனியில் பேட்டரி ஏற்கெனவே சோர்ந்திருக்கும். நாலு நாள் நிறுத்திய ஜீப்பைப் பிறகு தள்ளித்தான் கிளப்ப வேண்டும்.