பகல் நீளம் வேறு, வெயில் வேறு: நீலகிரித் தோட்டக்காரர்கள் குறித்து வைக்க வேண்டியவை

நீலகிரியில் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் மழை எவ்வளவு பெய்தது என்று கேட்டால் சட்டென்று பதில் வரும். எஸ்டேட் என்றால் அதற்கென்று ஒரு பதிவேடே இருக்கும். "போன வாரம் வெயில் எத்தனை மணி நேரம் அடித்தது?" என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. தேயிலைக்கும் மலைக்காய்கறிக்கும் ஆலோசனை சொல்வது என் வேலை. நோயையும் பனிக்கருகலையும் முன்கூட்டியே காட்டிக்கொடுப்பவை பெரும்பாலும் மழைக் கணக்கு அல்ல. வெயில் நேரமும் விடியற்கால வெப்பநிலையும்தான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பகல் நீளம் என்பது சூரியன் உதிப்பதிலிருந்து மறைவது வரையிலான நேரம். அது ஆண்டுதோறும் மாறாத கணக்கு. ஊட்டியில் ஜூன் 21 வாக்கில் பகல் ஏறக்குறைய 12 மணி 45 நிமிடம். டிசம்பர் 22 வாக்கில் பதினொன்றரை மணிக்குச் சற்றுக் குறைவு. வித்தியாசம் ஒன்றேகால் மணி நேரம்தான். வெயில் நேரம் அப்படியல்ல. மேகமும் மூடுபனியும் மறைத்தது போக, நிழல் விழும் அளவுக்கு வெயில் உண்மையில் அடித்த நேரம் அது.

கூடலூர், பந்தலூர், தேவாலா, அவலாஞ்சி பக்கம் இந்த இரண்டும் எதிரும் புதிருமாகப் போகும். பகல் மிக நீளமாக இருக்கும் ஜூன், ஜூலையில்தான் தென்மேற்குப் பருவமழை மலையை மூடிக்கிடக்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது நினைவிருக்கும். பகல் குறுகலான ஜனவரி, பிப்ரவரியில் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும், வெயில் தாராளமாகக் கிடைக்கும். குன்னூர், கோத்தகிரி பக்கம் கதை வேறு. அங்கே அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை வெயிலைப் பறித்துக்கொள்ளும். ஒரே மாவட்டம்தான், ஆனால் கூடலூர்க்காரர் மருந்தடிக்கும் தேதியைப் பார்த்துக் கோத்தகிரிக்காரர் அடிப்பதில் அர்த்தமே இல்லை.

தேயிலையின் கொப்புள நோயை எடுத்துக்கொள்ளுங்கள். 1946-இல் தென்னிந்தியாவுக்கு வந்த பூஞ்சை நோய் இது. நாம் பறித்து விற்கும் இளங்கொழுந்தையே தாக்குவதுதான் இதன் கொடுமை. முதலில் இலையில் ஊசிமுனை அளவுக்கு வெளிறிய புள்ளி. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் எண்ணெய் பட்ட காகிதம் போல அந்த இடம் மட்டும் ஊடுருவித் தெரியும். சில நாளில் மேற்பக்கம் குழிந்து, அடிப்பக்கம் வெள்ளைப் பொடியுடன் புடைத்துக்கொள்ளும். அந்தப் பொடிதான் காற்றில் பரவும் வித்து. நேரடி வெயிலில் அது பிழைக்காது. ஈரமான இலையும் மங்கிய வானமும் இருந்தால் முளைத்துவிடும்.

"மழையே இல்லையே சார், எப்படிக் கொப்புளம் வந்தது?" என்று விவசாயிகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். மழைமானியில் ஒன்றும் விழாத வாரத்திலும் மூடுபனி நாள் முழுக்க இலையை நனைத்து வைத்திருக்கும். அதை மழைமானி காட்டாது, வெயில் நேரம் காட்டிவிடும். ஐந்து நாள் சராசரி வெயில் சுமார் நாலு மணி நேரத்துக்குக் கீழே இறங்கினால் ஆபத்துக் காலம் தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். கவாத்து செய்து (கிளைகளை வெட்டிவிட்டு) புதுத் துளிர் விடும் தேயிலைக் காடுகளை அப்போது முதலில் பாருங்கள். சராசரி அதற்கு மேலே ஏறி நிலைத்தால், பழக்கத்துக்காக அடிக்கும் ஒரு சுற்று மருந்து மிச்சமாகும். அந்த மிச்சம் சிறு விவசாயிக்குச் சின்ன தொகை அல்ல.

வெயில் நேரத்தை அளக்க ஆய்வு நிலையங்களில் ஒரு கண்ணாடி உருண்டை வைத்திருப்பார்கள். வெயில் அதன் வழியே குவிந்து பின்னால் இருக்கும் அட்டையில் கோடாக எரிக்கும்; கோட்டின் நீளம்தான் வெயில் நேரம். அதெல்லாம் நமக்கு வேண்டியதில்லை. பகலில் மணிக்கு ஒருமுறை உங்கள் நிழல் தெளிவாக விழுகிறதா என்று பார்த்து நோட்டில் கோடு போட்டாலே போதும். வீட்டுக் கூரையில் சோலார் போட்டிருந்தால் இன்னும் வசதி: அன்றன்று எத்தனை யூனிட் வந்தது என்பதே வெயில் கணக்காகிவிடும்.

அடுத்து உறைபனி. நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை தலைகுந்தா, காந்தல், அவலாஞ்சி போன்ற தாழ்வான இடங்களில் புல் வெள்ளை பூக்கும். மழை நின்று வானம் தெளிந்து காற்று ஓய்ந்த இரவில் மண் தன் சூட்டை மேலே விட்டுவிடும், குளிர்ந்த காற்று கனம் தாங்காமல் சரிவு வழியே பள்ளத்தில் இறங்கித் தேங்கும். காற்றில் ஈரம் இருந்தால் முதலில் நீர்ப்பனி விழும், அப்போது வெளிப்படும் வெப்பம் இலையைக் கொஞ்சம் காப்பாற்றும். காற்று வறண்டிருந்தால்தான் ஆபத்து அதிகம். வெள்ளையே தெரியாமல் இலை கருகும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. பகல் மிகக் குறுகலான நாள் டிசம்பர் 22 என்பதால் அன்றுதான் சூரியன் மிகத் தாமதமாக உதிக்கும் என்று நினைக்கிறோம். அப்படியில்லை. பூமி சாய்ந்திருப்பதும் அதன் பாதை நீள்வட்டமாக இருப்பதும் சேர்ந்து, நம் ஊரில் மிகத் தாமதமான உதயம் ஜனவரி கடைசியில்தான் வருகிறது, சுமார் 6.48-க்கு. டிசம்பர் 22-ஐ விடப் பத்து நிமிடம் பின்னால். பள்ளத்துத் தோட்டத்தில் மலைநிழல் வேறு சேரும். சூரியன் வந்து தொடும்வரை குளிர் இறங்கிக்கொண்டே இருக்கும். பொங்கல் முடிந்ததும் பனிக்காகப் போட்ட மூடாக்கை எடுத்துவிடாதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

செயற்கைக்கோள் வழியாக இலவசமாகக் கிடைக்கும் வானிலைத் தரவுகளைப் பலர் செல்போனில் பார்க்கிறார்கள். பருவத்தின் போக்கை, ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட்டுப் பார்க்க அவை நல்லவை. ஆனால் பலவற்றில் ஒரு கட்டம் என்பது ஐம்பது கிலோமீட்டர் அகலம். அந்த ஒரு கட்டத்துக்குள் ஊட்டியும் வரும், மேட்டுப்பாளையமும் வரும். இரண்டின் சராசரி வெப்பத்தை வைத்து உங்கள் கேரட்டுக்கு முடிவெடுக்க முடியாது. வானிலை நிலைய அளவும் தரையிலிருந்து நாலடி உயரத்தில், நிழல்கூண்டுக்குள் எடுத்தது. தெளிந்த இரவில் புல் மட்டத்தில் அதைவிடச் சில டிகிரி குறைவாக இருக்கும்.

வெங்காய விதை வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஐரோப்பிய ரகங்கள் பலவற்றுக்குக் கிழங்கு பிடிக்க 14 மணிக்கு மேல் பகல் வேண்டும். பாக்கெட்டில் ‘லாங் டே’ என்று போட்டிருந்தால் வாங்காதீர்கள். நம் பகல் ஜூனில்கூட 13 மணியைத் தொடுவதில்லை. உரம் எவ்வளவு போட்டாலும் தாள்தான் வளரும்.

நவம்பர் பிறப்பதற்கு முன் குறைந்தபட்ச வெப்பநிலை காட்டும் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கி, தோட்டத்தின் ஆகத் தாழ்வான மூலையில் செடி மட்டத்தில் கட்டுங்கள். தினமும் காலையில் அதன் அளவையும், பக்கத்திலேயே மேக்தூத் (விவசாயிகளுக்கான அரசு வானிலைச் செயலி) முந்தின நாள் சொன்ன அளவையும் எழுதுங்கள். தெளிந்த இரவுகளில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஓரளவு ஒரே மாதிரி இருப்பது சில வாரத்தில் தெரிந்துவிடும். வித்தியாசம் ஐந்து டிகிரி என்றால், செயலி ஆறு என்று சொல்லும் மாலையிலேயே நாற்றங்காலை மூடிவிடுங்கள், ஸ்பிரிங்க்லர் குழாயையும் சரிபார்த்து வையுங்கள். மறுநாள் வெயில் இலையில் விழுவதற்கு முன்பே தண்ணீர் ஓட வேண்டும்.