வெள்ளிப் பாளத்தின் ஊரைச் சொல்லும் காரீயம்

ஏலத்துக்கு வந்த ஒரு வெள்ளிப் பாளத்தின் படத்தை வாசகர் ஒருவர் அனுப்பியிருந்தார். 1860களில் அமெரிக்காவின் நெவாடாவில் வார்த்தது என்று சொல்லி விற்கிறார்களாம். “முத்திரையை யார் வேண்டுமானாலும் குத்தலாமே, வெள்ளி அங்கிருந்து வந்ததுதான் என்று எப்படித் தெரியும்?” என்று கேட்கிறார். நியாயமான சந்தேகம். அமெரிக்க மேற்கின் பழைய பாளங்களில் போலிகள் பல உண்டு.

நெவாடாவில் 1859இல் வெளிப்பட்டது காம்ஸ்டாக் படிவு. தங்கம் தேடி வந்தவர்கள் தொல்லை என்று ஒதுக்கிய நீலக் களிமண்ணில்தான் வெள்ளி இருந்தது. அதை வார்த்த பாளங்களில் மாற்று பார்ப்பவர் தன் பெயர், எடை, மாற்று, டாலர் மதிப்பு எல்லாவற்றையும் பொறிப்பார். சோதனைக்காக மூலையில் ஒரு துண்டு வெட்டியிருக்கும். எண்களைப் பெருக்கிச் சரிபார்க்கலாம். அன்றைய அமெரிக்க நாணயசாலைக் கணக்கில் சுத்த வெள்ளி அவுன்ஸுக்கு 1.29 டாலர், தங்கம் 20.67 டாலர். ஆனால் கவனமான போலிக்காரருக்கும் பெருக்கத் தெரியும்.

அதனால் உலோகத்தையே கேட்க வேண்டும். காம்ஸ்டாக் வெள்ளியில் தங்கம் கலந்திருக்கும். இன்றைய மின்பகுப்பு முறையில் சுத்தம் செய்த வெள்ளியில் அது அநேகமாக இருக்காது. இதிலேயே பல போலிகள் மாட்டிக்கொள்ளும்.

அப்புறம் காரீயம். வெள்ளித் தாது பெரும்பாலும் காரீயத்தோடு சேர்ந்தே கிடக்கும். அந்தக் காலத்து முறைகளில் எவ்வளவு சுத்தம் செய்தாலும் துளி ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தத் துளிதான் எனக்கு மிகப் பிடித்த சாட்சி.

காரீயத்துக்கு 204, 206, 207, 208 என்று நான்கு நிலையான ஐசோடோப்புகள், அதாவது ஒரே தனிமத்தின் எடை மட்டும் வேறான அணு வகைகள். 204 பூமி பிறந்தபோது இருந்த அளவுதான், கூடுவதில்லை. மற்ற மூன்றும் கூடிக்கொண்டே போகின்றன. யுரேனியம்-238 சிதைந்து 206ஐயும், யுரேனியம்-235 சிதைந்து 207ஐயும், தோரியம்-232 சிதைந்து 208ஐயும் தருகின்றன. சிதையும் இந்த மூன்றின் அரை ஆயுட்காலம், அதாவது பாதி சிதைய ஆகும் காலம், முறையே சுமார் 447 கோடி, 70 கோடி, 1,400 கோடி ஆண்டுகள். வேகம் வேறுவேறு என்பதால், பாறைக்குள் இருக்கும்வரை காரீயத்தின் கலவை மாறிக்கொண்டே இருக்கும். ஒரு கட்டத்தில் பூமிக்கடியில் ஓடும் சுடுநீர் அந்தக் காரீயத்தைக் கரைத்துக்கொண்டு வந்து, கந்தகத்தோடு சேர்த்து கலீனா என்ற கனிமமாகப் படியவைக்கிறது. கலீனாவுக்குள் யுரேனியமும் தோரியமும் அநேகமாக நுழைவதே இல்லை. எனவே படிந்த அன்றைக்கு இருந்த விகிதம் அப்படியே நின்றுவிடுகிறது. அதை உடைக்கலாம், உருக்கலாம், பாளமாக வார்க்கலாம். உலை நெருப்பால் அணுக்கருவைத் தொட முடியாது.

காம்ஸ்டாக் படிவின் வயது ஒன்றரைக் கோடி ஆண்டுக்குள்தான். அதன் காரீயத்தில் 206க்கும் 204க்கும் உள்ள விகிதம் 19ஐ ஒட்டி வரும். அதே அமெரிக்க மேற்கில், ஐடஹோவின் கோர் டலேன் சுரங்கங்களின் காரீயம் நூறு கோடி ஆண்டுக்கும் முன்பே பாறையிலிருந்து பிரிந்தது. அங்கே விகிதம் சுமார் 16. அணுக்களை எடைவாரியாகப் பிரித்து அளக்கும் நிறை நிறமாலைமானி என்ற கருவிக்கு இது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். குண்டூசி முனையளவு உலோகம் போதும்.

இதற்கும் எல்லை உண்டு. பல ஊர்த் தாதுவை ஒன்றாக உருக்கியிருந்தால் விகிதம் இடையில் எங்கேயோ நிற்கும். புடம் போடும்போது வெளியூர்க் காரீயம் சேர்த்திருந்தால் அந்த ஊரைத்தான் காட்டும். பழைய நெவாடா வெள்ளியையே உருக்கிப் போலிப் பாளம் செய்தால் காரீயம் காட்டிக்கொடுக்காது. அப்போது முத்திரை அச்சின் தேய்மானத்தை அசல் பாளங்களோடு ஒப்பிட வேண்டியதுதான்.

ஒப்பிட மூலத் தாது இல்லாவிட்டால் இந்த அளவீடுகளால் பயனே இல்லை. காம்ஸ்டாக்கின் ஆழமான சுரங்கங்களில் வெந்நீர் நிரம்பிவிட்டது, இனி இறங்கித் தாது எடுப்பது லேசில்லை. அன்று யாரோ எடுத்து அருங்காட்சியக இழுப்பறையில் வைத்த கற்கள்தான் இன்றைக்குக் கைகொடுக்கின்றன. புதுக் கருவி வாங்கக் கிடைக்கும் நிதியில் ஒரு பங்காவது இந்தக் கற்களைப் பாதுகாக்கவும், அளந்து எல்லோருக்கும் பொதுவில் வைக்கவும் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.