அந்த 'அ' பூச்சியமாக இருந்தால்?

ஹட்டனில் சாதாரண தர மாணவர்களுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். போன மாதம் ஒரு மாணவி மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள். "சேர், (க + 1)², க² + 2க + 1 ரெண்டும் ஒன்றுதானே? இது பொய் என்று காட்டுதே!"

அவள் திறந்து வைத்திருந்தது சிம்பை. பைத்தன் மொழியில் எழுதப்பட்ட இந்த மென்பொருள் எழுத்துகளை எழுத்துகளாகவே வைத்துக் கணக்குச் செய்யும். இலவசம், நிரலைத் திறந்து பார்த்துத் திருத்தவும் செய்யலாம்.

அவள் போட்டிருந்தது இரட்டைச் சமக்குறி. அது இரண்டும் ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். பெறுமானம் சமனா என்று கேட்க, சமன்பாட்டுக்கென்று இருக்கும் தனிக் கட்டளையில் எழுதி, அதைச் சுருக்கச் சொல்ல வேண்டும். அப்போது சிம்பை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்தைக் கழிக்கும். மிச்சம் பூச்சியம் என்றால், உண்மை. மாறி ஒன்றே ஒன்றாக, முதலாம் படியில் இருந்தால் அதைத் தனிமைப்படுத்தவும் பார்க்கும்: 3(க − 2) = 18 என்பது க = 8 ஆகிவிடும்.

தனிமைப்படுத்த வகுக்க வேண்டும். ஆபத்து அங்கேதான்.

மாணவியின் அம்மா தேயிலைக் கொழுந்து எடுப்பவர். அதையே கணக்காக்கினேன். அம்மாவுக்கு இந்த மாதம் 'அ' பேர், அதாவது 'அ' நாள் வேலை, விழுந்தது. பேருக்கு 'க' கிலோ எடுத்தார். அ × க = அ × 18 என்று வைப்போம். அ-வை இரு பக்கமும் வெட்டினால் க = 18. சரி, காய்ச்சலில் படுத்து ஒரு பேர்கூட விழாத மாதத்தில்? 0 = 0. அந்தச் சமன்பாடு க பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. வெட்டியவர் இல்லாத 18-ஐ உண்டாக்கிவிட்டார்.

"இது பூச்சியமா?" என்று கேட்டால் சிம்பை மூன்று விதமாகப் பதில் சொல்லும்: ஆம், இல்லை, தெரியாது. இப்படிப்பட்ட நிரல்களில் பிழை பெரும்பாலும் மூன்றாவது பதிலில்தான் நுழைகிறது. 'ஆம்' வராவிட்டால் வகுத்துவிடு என்று எழுதினால், 'தெரியாது' சத்தமில்லாமல் 'இல்லை'யோடு சேர்ந்துவிடும். 'இல்லை' என்று உறுதியாக வந்தால் மட்டும் வகு என்பதே சரியான நிரல். இரண்டுக்கும் ஒன்றிரண்டு சொற்கள்தான் வித்தியாசம். சிம்பை இப்போது இரண்டாவது வழியில்தான் போகிறது: குணகம், அதாவது மாறியைப் பெருக்கும் எண், பூச்சியமல்ல என்று உறுதியாகாவிட்டால், அதை மாறியோடு இடப்பக்கமே விட்டுவிட்டு மாறிலியை மட்டும் வலப்பக்கம் தள்ளும்.

வெறும் எண்ணில்கூடவா சந்தேகம் வரும் என்று மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. சைன், கோசைன், வர்க்கமூலம் எல்லாம் கலந்த நீளமான ஒரு கோவையைக் கிட்டத்தட்டக் கணித்தால் 0.0000000001 வரலாம். அது நிஜமாகவே பூச்சியமா, பூச்சியத்துக்குப் பக்கத்து எண்ணா? தசம தானங்களைக் கூட்டிக்கொண்டே போனாலும், அது பூச்சியமாகவே இருந்தால் அதற்கு நிரூபணம் கிடைக்காது. மாறியும் சேர்ந்துவிட்டால் நிலைமை இன்னும் கடினம். சைன், அடுக்குக்குறிச் சார்பு, மட்டுப்பெறுமானம் போன்றவை கலந்த கோவை எப்போதும் பூச்சியமா என்பதை எல்லாச் சந்தர்ப்பத்திலும் தீர்மானிக்கும் செயல்முறை இருக்கவே முடியாது என்று 1968-இல் ரிச்சர்ட்சன் என்ற கணிதவியலாளர் நிறுவினார். ஆகவே எவ்வளவு திருத்தினாலும் 'தெரியாது' இந்த மென்பொருளை விட்டுப் போகாது.

மறுநாள் அவள் கொப்பியைப் பார்த்தேன். வெட்டிய ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பென்சிலால் 'அ ≠ 0' என்று எழுதியிருந்தாள்.