அதிமதுரமும் நஞ்சுக்கொடியும்

குழந்தை அழுத சத்தம் கேட்ட பிறகும் பிரசவ அறையில் ஒரு கேள்வி பாக்கியிருக்கும்: "நஞ்சு விழுந்துடுச்சா?" உள்ளேயே தங்கிவிட்டால் தாயின் உயிருக்கு ஆபத்து என்பதால் அந்தப் பெயர் பொருத்தம்தான். ஆனால் அதற்கு முந்தைய மாதங்களில் நஞ்சுக்கொடி செய்த வேலை நேர்மாறானது.

அரை கிலோ எடை, ஒரு சாண் அகலம். அதற்குள் தாயின் ரத்தமும் சிசுவின் ரத்தமும் கலப்பதே இல்லை. கிளை கிளையாகப் பிரிந்த நுண்விழுதுகளுக்குள் சிசுவின் ரத்தம் ஓட, வெளியே தாயின் ரத்தம் குளம் கட்டி நிற்கிறது. நடுவில் இருக்கும் மெல்லிய செல்படலம் ஆக்ஸிஜனையும் குளுக்கோஸையும் உள்ளே விடுகிறது. கார்டிசாலை மட்டும் அப்படி விடுவதில்லை.

கார்டிசால், அட்ரினல் சுரப்பியில் ஊறும் ஹார்மோன். வளரும் செல்களிடம் அது சொல்வது: 'பெருகியது போதும், முதிர்ந்து வேலைக்குத் தயாராகு.' பிரசவத்தை நெருங்கும்போது நுரையீரலுக்கு இது தேவையான செய்தி. நரம்பு செல்கள் இன்னும் பெருகிக்கொண்டிருக்கும் மூளைக்கு முன்கூட்டியே வந்தால் கெடுதல். தாயின் ரத்தத்திலோ, சிசுவிடம் இருப்பதைப் போல 5 முதல் 10 மடங்கு கார்டிசால். எனவே நஞ்சுக்கொடியில் உள்ள ஒரு நொதி, கடந்துவரும் கார்டிசாலில் பெரும்பகுதியைச் செயலற்ற கார்டிசோனாக மாற்றிவிடுகிறது.

இந்த நொதியை முடக்கும் பொருள் நம் நாட்டு மருந்துக் கடையிலேயே இருக்கிறது. அதிமதுரத்துக்கு இனிப்பைத் தரும் கிளிசிரைசின்தான் அது. பின்லாந்தில் அதிமதுர மிட்டாய் என்றால் கொள்ளை ஆசை. ஹெல்சின்கியில் 1998இல் பிறந்த 378 பிள்ளைகளைப் பன்னிரண்டு வயதுவாக்கில் சோதித்து, 2017இல் முடிவை வெளியிட்டார்கள். கர்ப்பகாலத்தில் வாரம் 500 மில்லிகிராமுக்கு மேல் கிளிசிரைசின் உட்கொண்ட தாய்மாரின் பிள்ளைகள், 249 மில்லிகிராமுக்குள் நிறுத்திக்கொண்டவர்களின் பிள்ளைகளைவிட அறிவுத்திறன் சோதனையில் சராசரியாக 7 புள்ளி குறைவாக எடுத்தார்கள். மிட்டாய்தான் காரணம் என்று இந்த ஓர் ஆய்வை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. இருமலுக்கு எப்போதோ ஒரு துண்டை வாயில் அடக்கியவர்கள் பதற வேண்டியதும் இல்லை. கர்ப்பிணிகள் அதைத் தினப்படி வழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம் என்பேன், அவ்வளவுதான்.

குறைமாதப் பிரசவம் நேரும் என்று தெரிந்தால் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுகிறார்களே, அதிலும் இந்த நொதியின் கணக்கு உண்டு. கார்டிசாலைப் போலவே வேலை செய்யும் பீட்டாமெத்தசோன், டெக்சாமெத்தசோன் என்ற அந்த ஊசிமருந்துகள் இரண்டையும் இது அவ்வளவாகச் சிதைப்பதில்லை. அதனால் மருந்து சிசுவின் நுரையீரலைச் சென்றடைகிறது.

மிட்டாயைவிடப் பெரிய சிக்கல், நஞ்சுக்கொடி சரியாக வேர்பிடிக்காமல் போவது. முதல் மாதங்களிலேயே அதன் செல்கள் கருப்பைச் சுவருக்குள் புகுந்து, அங்குள்ள சுருள் தமனிகளை அகலமான வாய்க்கால்களாக மாற்ற வேண்டும். அது அரைகுறையாக நின்றால் ரத்தவரத்து குறைகிறது. தாய்க்கு ரத்த அழுத்தம் ஏறலாம். இத்தகைய நஞ்சுக்கொடிகளில் அந்த நொதியும் மந்தமாக இருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். ஆக்ஸிஜனும் குறைவு, காவலும் குறைவு.

அப்போது சிசு கைகால், குடல், சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைச் சுருக்கி மூளைக்குத் திருப்பிவிடும். ஆகவே டாப்ளர் ஸ்கேனில் மூளைத் தமனியில் ரத்தம் வழக்கத்தைவிடத் தாராளமாக ஓடினால் மருத்துவர் மகிழ்வதில்லை. அடுத்த ஸ்கேனுக்குச் சீக்கிரமே வரச் சொல்கிறார்.