ஃப்ளூட் வாசித்தால் வயலினும் சேர்ந்து கேட்கிறதா?

"ஃப்ளூட் வாசிச்சா கூடவே வயலினும் கேக்குது சார், பிளகின் கெட்டுப்போச்சா?" வீட்டில் ஸ்டுடியோ வைத்திருக்கும் தம்பிகள் அடிக்கடி கேட்பது இதைத்தான். பிளகினுக்கு, அதாவது கணினியில் வாத்திய ஒலி தரும் மென்பொருளுக்கு, ஒன்றும் ஆகியிருக்காது. கான்டாக்ட் என்ற அந்தப் பிளகினைத் திறந்தால் உள்ளே இரண்டு வாத்தியங்களிலும் மிடி (கீபோர்டும் கணினியும் நோட்டுகளைப் பரிமாறும் முறை) சேனல் ‘ஓம்னி’ என்றிருக்கும். எந்தச் சேனலில் நோட் வந்தாலும் இரண்டும் வாசித்துவிடும்.

1983இல் வந்த மிடி 1.0 ஒரு இணைப்புக்கு 16 சேனல் வகுத்தது. இன்றும் ஒரு போர்ட்டுக்கு அதே 16தான். ஒவ்வொரு நோட்டும் தன் சேனல் எண்ணோடுதான் பயணிக்கிறது. பெரும்பாலான கீபோர்டுகள் 1இல் அனுப்பும். கியூபேஸ் என்ற இசைப்பதிவு மென்பொருளில் ட்ராக்கின் சேனல் ‘எனி’ என்றிருந்தால் அந்த 1 அப்படியே பிளகினுக்குப் போகும். அங்கே ஃப்ளூட்டை 2இல் வைத்திருந்தால், மீட்டர் துள்ளும், சத்தம் மட்டும் வராது.

அதனால் நான் கீபோர்டில் சேனலை மாற்றுவதே இல்லை. பிளகினில் வயலின் 1, ஃப்ளூட் 2, தபேலா 3 என்று ஒருமுறை வைத்துவிட்டு, அதற்கப்புறம் ட்ராக்கின் வெளியீட்டில் மட்டும் சேனலை மாற்றுவேன். ஏபிள்டன் என்ற இன்னொரு இசைப்பதிவு மென்பொருளில் ‘மிடி டு’ பெட்டியில் கான்டாக்ட் இருக்கும் ட்ராக்கைத் தேர்ந்தெடுத்தால் போதாது. அதன் கீழே இன்னொரு பெட்டி இருக்கிறது, சேனல் அங்கேதான். பலர் கவனிக்காமல் விடும் இடமும் அதுதான்.

பாட்டு ஓடும்போது சேனலை மாற்றாதீர்கள். நோட்டைத் தொடங்கும் கட்டளை (நோட் ஆன்) 1இல் போயிருக்கும், நிறுத்தும் கட்டளை (நோட் ஆஃப்) 2இல் போகலாம். அப்போது வயலின் நிற்காமல் இழுத்துக்கொண்டே இருக்கும். நோட்டை நீட்டிக்கும் சஸ்டெயின் பெடலும் (மிடியில் சிசி 64 என்ற கட்டளை) அப்படியே மாட்டிக்கொள்ளலாம். எல்லா நோட்டுகளையும் ஒரேயடியாக நிறுத்தும் பேனிக் பட்டன் இருப்பது இதற்குத்தான்.

சேனலைப் பிரித்துவிட்டால் மிக்ஸிங்கும் பிரிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். மிடி சேனல் வேறு, ஆடியோ அவுட்புட் வேறு. கான்டாக்ட்டில் எல்லாமே முதல் ஸ்டீரியோ அவுட்டில் வந்தால், ஃப்ளூட்டுக்குப் போட்ட ரிவெர்ப் (எதிரொலி) தபேலாவையும் நனைத்துவிடும்.

உண்மையைச் சொன்னால், ஐந்தாறு வாத்தியங்கள் உள்ள பாட்டுக்கு இந்த வேலையே தேவையில்லை. ட்ராக்குக்கு ஒரு கான்டாக்ட் போட்டுவிடுங்கள். இன்றைய கணினிகள் தாங்கும். பெரிய ஆர்கெஸ்ட்ரா டெம்ப்ளேட்டுக்கு மட்டும்தான் நான் சேனல் பிரிக்கிறேன்.